குவளை துறந்தோர் மன்றம்

ஆம்பூர்ப் பேருந்து நிலையத்திலே நின்றுகொண்டு, "மதுக்கடை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிச் சிறுவன் வழி சொல்வான். பூ விற்கும் மூதாட்டி கை நீட்டிக் காட்டுவாள். கேட்காதவரும் வந்து, எந்தச் சந்திலே திரும்பினால் விரைவிலே சேரலாம் என்று விளக்குவார். அதே இடத்திலே நின்று, "குடியை விட விரும்புவோர் கூடுகிறார்களாமே, அந்தக் கூட்டம் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். "கோயில் பூசையா?" என்பார் ஒருவர். "ஆஸ்பத்திரியா?" என்பார் மற்றொருவர். "விளையாடுகிறீர்களா?" என்று சிரித்துவிட்டுப் போவார் மூன்றாமவர்.

நாம் கேட்டோம். சிரிப்பைத்தான் பதிலாகப் பெற்றோம். கெடுவதற்கு ஊரெல்லாம் வழி சொல்கிறது. மீள்வதற்கு வழி கேட்டால் ஊர் விழிக்கிறது! அந்த நாள் எழுந்த வேதனையே இந்தக் கட்டுரைக்கு விதை.

கேட்க நேர்ந்த காரணத்தைச் சுருங்கச் சொல்வோம். நம் வகுப்பிலே ஒரு மாணவன், கணக்கிலே கெட்டிக்காரன், ஆனால் திங்கட்கிழமை தோறும் அவன் இடம் காலி. தகப்பன் தோல் பதனிடும் தொழிற்சாலையிலே சுண்ணாம்புக் குழி வேலை செய்பவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரிலே ஊறப்போட்டு, மயிரும் ஊனும் நீக்கி எடுக்கும் வேலை. அந்த நாற்றம் குளித்தாலும் போகாது. சோற்றிலும் வந்து உட்காரும். சனிக்கிழமை கூலி. சனி இரவு கடை. ஞாயிறெல்லாம் வீட்டிலே கூச்சல். திங்களன்று மகன் தந்தைக்குக் காவல்!

நாம் ஆசிரியரல்லவா? உபதேசம் செய்யப் போனோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தாரே என்றோம். ஈரல் கெடும் என்றோம். குடும்பம் சிதையும் என்றோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சார், குடி கெடுதல்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? ஏன் விடணும்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி விடறதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க சார்."

நாம் வாயடைத்து நின்றோம். பட்டம் பெற்ற நம்மிடம் 'ஏன்' என்பதற்கு ஆயிரம் விடை இருந்தது. 'எப்படி' என்பதற்கு ஒன்றுகூட இல்லை. வீடு திரும்பி ஏடுகளைப் புரட்டினோம். அங்கே கண்ட உண்மை இது: மது கெடுதல் என்று அறிஞர் சொன்னார்கள், மதுவை விலக்கு என்று அரசு சொன்னது, மதுவை விடுவது எப்படி என்ற வழியை மட்டும், குடித்துக் கெட்டவர்களே கூடிக் கண்டுபிடித்தார்கள்! அந்த வரலாற்றைத்தான் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

*

முதலிலே சட்டத்தின் கதை. தமிழகம் மதுவிலக்கு அறியாத நாடன்று. அறிந்து அறிந்து அலுத்த நாடு. 1937 அக்டோபர் 1-ஆம் நாள் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடங்கியது. மறு ஆண்டு சித்தூரும் கடப்பையும். 1939-இலே நமது வட ஆற்காடு மாவட்டம். கள்ளுக் கடை மூடியதால் கருவூலத்திலே விழுந்த பள்ளத்தை நிரப்ப, அந்த 1939-ஆம் ஆண்டிலேயே விற்பனை வரி பிறந்தது. மது ஒழிந்ததோ இல்லையோ, வரி இன்றுவரை ஒழியவில்லை!

போர்க்காலத்திலே வெள்ளை ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விடுதலைக்குப் பின், 1948 அக்டோபர் 2-ஆம் நாள் ஓமந்தூரார் காலத்திலே மாகாணம் முழுதும் மதுவிலக்கு. 1971 ஆகஸ்டு 30-ஆம் நாள் தி.மு.க. ஆட்சி அதைத் தளர்த்திற்று. 1974-இலே அதே ஆட்சி மீண்டும் கடைகளை மூடிற்று. 1981-இலே அ.தி.மு.க. ஆட்சி திறந்தது, 1983-இலே 'டாஸ்மாக்' என்னும் வாணிபக் கழகம் பிறந்தது, 1987-இலே கள்ளும் சாராயமும் மீண்டும் தடுக்கப்பட்டன. 2003 நவம்பரிலே சில்லறைக் கடையையும் அரசே ஏற்றது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளிலே ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன.

திறந்தார்கள், மூடினார்கள், மூடினார்கள், திறந்தார்கள். இந்தக் கதவின் ஆட்டத்திலே எல்லாக் கட்சியாருக்கும் பங்குண்டு. நம்மவர்க்கும் உண்டு என்பதை மறைப்பது பகுத்தறிவாகாது. சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடை தூரத்திலே இருந்தால் புதிதாகக் குடிக்கத் தொடங்குவோர் குறையக்கூடும். ஆனால், குடிக்கு அடிமையாகிவிட்டவன் கதவு மூடியதும் திரும்பி வீட்டுக்குப் போவதில்லை. கொல்லைப்புறம் தேடிப் போகிறான். 2024 சூன் திங்களிலே கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அவர்களிலே பெரும்பாலோர் யார்? அன்றாடக் கூலிகள்! சட்டம் கடையைத்தான் பூட்டும், தாகத்தைப் பூட்டாது.

*

அடுத்து, அறிவுரையின் கதை. சங்க காலத்திலே அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்து உண்டதைப் புறநானூறு காட்டுகிறது. அந்தத் தமிழிலேதான் பின்னர் வள்ளுவர் பத்துக் குறள் பாடிக் கள்ளைக் கடிந்தார். இருபதாம் நூற்றாண்டிலே, 1921-இலே, அன்று காங்கிரசிலே இருந்த பெரியார் ஈரோட்டிலே கள்ளுக்கடை மறியலில் இறங்கினார். தம் தோப்பிலே இருந்த ஐந்நூறு தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்கு வந்து நின்றனர். வீட்டை விட்டு வெளியே வராத பெண்ணுலகம் வீதிக்கு வந்த நாட்களிலே அது ஒன்று. அந்தத் தியாகத்தின் ஒளி மங்காது. ஆயினும், பின்னாளிலே பெரியாரே சட்டத்தால் குடியை ஒழிக்கும் முறையிலே நம்பிக்கை இழந்தார் என்பதும் வரலாறு. மரம் வீழ்ந்தது, மயக்கம் வீழவில்லை.

ஏன் வீழவில்லை? குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே உலகம் எண்ணியதுதான் காரணம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்திலே கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1784-இலேயே, கடுஞ்சாராயம் உடலையும் மனத்தையும் என்ன செய்கிறது என்று ஆய்ந்து நூல் எழுதினார். நாட்பட்ட குடியை நோயாகப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார். கேட்டவர் சிலரே. 'குடிகாரன்' என்று திட்டுவது எளிது. 'குடிநோயாளி' என்று கருதுவது கடினம்! நோயாளி என்றால் வைத்தியம் செய்ய வேண்டுமே, திட்டுவதற்குச் செலவில்லை.

*

இனி, 'எப்படி' என்ற கேள்விக்கு விடை தேடிய கதை. 1840 ஏப்ரல். அமெரிக்காவிலே பால்டிமோர் நகரம். மதுக்கடை ஒன்றிலே ஆறு பேர் வழக்கம்போலக் குடித்துக்கொண்டிருந்தனர். பிரபுக்கள் அல்லர், பாதிரிமார் அல்லர். ஒருவர் தையற்காரர், ஒருவர் தச்சர், இருவர் கருமார், ஒருவர் வண்டி செய்பவர், ஒருவர் வெள்ளி வேலை செய்பவர். ஊரிலே மதுவிலக்குச் சொற்பொழிவு நடக்கிறது, போய்க் கேட்டு வேடிக்கை செய்யலாம் என்று சிலரை அனுப்பினர். போனவர்கள் வேடிக்கை பேசித் திரும்பவில்லை. வாதம் செய்து திரும்பினர். முடிவிலே அறுவரும் குடியை விடுவதென்று உறுதி எழுதிக் கையெழுத்திட்டு, வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கம் கண்டனர்.

அச்சங்கத்தின் புதுமை என்ன? அங்கே சொற்பொழிவாளர் இல்லை. வாரந்தோறும் கூடி, ஒவ்வொருவரும் தம் கதையை, தாம் கெட்ட கதையை, தாம் விட்ட கதையைச் சொல்வர். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் இன்னொரு குடியரை அழைத்து வருவர். அவ்வளவே! நாடெங்கும் பரவியது. நூறாயிரக் கணக்கானோர் உறுதிமொழி எடுத்தனர். 1842 பிப்ரவரி 22-ஆம் நாள், பின்னாளிலே அடிமை விலங்கொடித்த ஆபிரகாம் லிங்கன், அன்று இளம் வழக்கறிஞர், ஸ்பிரிங்ஃபீல்டிலே அச்சங்கத்தின் கூட்டத்திலே பேசினார். குடியாமல் இருப்பவர்கள் அறிவிலே உயர்ந்ததால் தப்பியவர்கள் அல்லர், வேட்கை இல்லாததால் தப்பியவர்கள் என்ற கருத்தை அன்றே அவர் சொன்னார். நம்மைப் போன்ற உபதேசிகள் நெற்றியிலே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய கருத்து!

ஆனால், பத்தாண்டு முடிவதற்குள் அச்சங்கம் கரைந்தது. அரசியல் சச்சரவு உள்ளே புகுந்தது. மதச் சச்சரவு புகுந்தது. சட்டத்தால் தடுப்பதா, மனத்தால் மாற்றுவதா என்ற பூசல் புகுந்தது. குடிநோயாளியை மீட்க வந்தவர்கள், மேடையை மீட்கும் போரிலே மூழ்கினர்.

*

95 ஆண்டுகள் உருண்டன. 1935 மே திங்கள். ஓஹியோ மாநிலத்து அக்ரன் நகரம். நம் ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலுக்குப் பேர் பெற்றவை. அக்ரன் ரப்பருக்குப் பேர் பெற்றது. டயர் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர். இங்கே தோல் நாற்றம். அங்கே ரப்பர் நெடி. தொழிலாளியின் மூக்குக்குத் தேசம் ஏது?

அந்த ஊருக்கு, ரப்பர் இயந்திர நிறுவனம் ஒன்றின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் முயற்சிக்காக, நியூயார்க்கிலிருந்து வந்தார் பில் வில்சன் என்ற பங்குத் தரகர். குடியால் கெட்டு, மருத்துவமனை புகுந்து மீண்டு, குடியை விட்டு ஐந்து திங்கள் ஆகியிருந்தது. அந்த ஐந்து திங்களும் கண்ணிலே பட்ட குடியரிடமெல்லாம் உபதேசம் செய்தார்; ஒருவர்கூடத் திருந்தவில்லை. "உபதேசத்தை நிறுத்து, இந்த நோயின் கொடுமையை எடுத்துச் சொல்" என்று அவருக்கு அறிவுறுத்தியிருந்தார் மருத்துவர் சில்க்வொர்த்.

அக்ரனிலே வந்த காரியம் தோற்றது. கையிலே காசில்லை. தங்கியிருந்த விடுதியின் கூடத்திலே ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. கால் மதுக்கூடத்தை நோக்கி இழுத்தது. அந்த நேரத்திலே அவருக்கு உதித்தது ஓர் எண்ணம்: 'நான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால், இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும்.' தொலைபேசியை எடுத்தார். ஒருவர் இன்னொருவரைக் காட்ட, கடைசியிலே பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடாயிற்று.

மே 12. ஞாயிறு மாலை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லி வந்த பாப், ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். மது உடலை என்ன செய்யும் என்று மருத்துவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை! ஆனால் அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருக்கு நீதி சொல்லவில்லை; தன் கதையைச் சொன்னார். பட்டவர் பட்டவரோடு பேசினார். இடையிலே ஒரு முறை பாப் சறுக்கி விழுந்தார், எழுந்தார். 1935 சூன் 10-ஆம் நாள் அவர் கடைசியாகக் குடித்த நாள். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு, சுருக்கமாக ஏ.ஏ., அந்த நாளையே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பெயர் அறிவிக்காத குடிநோயாளிகள் என்பது அதன் பொருள். தலைவர் பதவியேற்ற நாளையன்று, ஒருவர் குவளையைக் கீழே வைத்த நாளைப் பிறந்த நாளாகக் கொண்ட இயக்கம் இது!

பால்டிமோர் கற்பித்த பாடத்தை அக்ரன் தவறவிடவில்லை. வெளி விவகாரம் எதிலும் கருத்துச் சொல்வதில்லை. எந்தக் கட்சியிலும் சேர்வதில்லை. எந்தச் சட்டத்தையும் ஆதரிப்பதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. தலைவர் இல்லை, தொண்டரே உண்டு. 1938-இலே பெருஞ்செல்வர் ராக்பெல்லரிடம் பணம் கேட்டனர். 5,000 டாலர் மட்டும் தந்து, பணம் பெருகினால் இயக்கம் கெடும் என்றார் அவர். பின்னர் அதுவே நெறியாயிற்று: வெளியார் கொடை வேண்டாம்; வந்தவர் போடும் சில்லறை போதும். நுழைவுக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. இந்த நெறிகள் பன்னிரண்டும் 1950-இலே ஏற்கப்பட்டன. 1951-இலே குடிநோயாளியின் குடும்பத்தார்க்கென்று 'அல்-அனான்' என்ற தனி அமைப்பு பிறந்தது. இன்று ஏறத்தாழ 180 நாடுகளிலே, சுமார் 20 இலட்சம் பேர் தம் அணியில் இருப்பதாக ஏ.ஏ. கணக்கிடுகிறது.

இந்தியாவுக்கு இந்த முறை 1957-இலே வந்தது. பம்பாயிலே வேர் பிடித்தது. அதே 1957-இலே, நம் வேலூரை அடுத்த பாகாயத்திலே, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் எழுந்தது. நோயாளியைக் கம்பிக்குள்ளே தனியே பூட்டி வைப்பதற்கு மாறாக, குடும்பத்தார் உடன் தங்கி மருத்துவத்திலே பங்கு கொள்ளும் முறையை அந்த மையம் கைக்கொண்டது. சென்னையிலே, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இலே கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். கைம்பெண் மூலையிலே உட்கார வேண்டும் என்ற நாட்டிலே, பிறர் மனைவியர் கைம்பெண் ஆகாமல் காக்கப் புறப்பட்டார் ஒரு கைம்பெண்! அறக்கட்டளை நகரத்தோடு நிற்கவில்லை. சிற்றூர்களிலே முகாம் நடத்தி, ஊராரையே துணைக்கு அழைத்து மருத்துவம் செய்தது.

*

இனி, நம் தோழர்கள் கேட்கக் காத்திருக்கும் கேள்வி. "அந்தக் கூட்டத்திலே கடவுளைக் கும்பிடச் சொல்கிறார்களாமே? பகுத்தறிவாளன் அங்கே போகலாமா?"

ஒளிக்காமல் சொல்வோம். ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளிலே கடவுள் பேச்சு உண்டு. கிறித்தவப் பக்திக் குழு ஒன்றின் மடியிலே பிறந்த இயக்கம் அது. பிறப்பின் அடையாளம் போகவில்லை. ஆனால் தொடக்க நாளிலேயே உள்ளிருந்து எதிர்த்த நாத்திகரும் உண்டு. அவர்கள் வாதாடியதனாலேதான், 1939-இலே வந்த நூலிலே, அவரவர் புரிந்துகொண்டபடி என்ற தளர்த்தும் சொல் சேர்க்கப்பட்டது. 1975-இலே சிகாகோ நகரிலே நாத்திகர்க்கென்றே ஒரு ஏ.ஏ. குழு தோன்றியது. 1985-இலே ஜேம்ஸ் கிறிஸ்டோபர் என்பவர் கடவுள் பேச்சே இல்லாத தனி அமைப்பைத் தொடங்கினார்.

பயன் உண்டா என்று கேட்பதே பகுத்தறிவு. அதற்கும் விடை உண்டு. 2020-இலே, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களை ஒருசேர நிறுத்துப் பார்த்தது. அறவே குடிக்காமல் தொடர்ந்து இருப்பதிலே, ஏ.ஏ. கூட்டங்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை, மற்றச் சிகிச்சை முறைகளைவிட மேலான பலன் தந்தது என்று கண்டது. எதனால்? அருளினாலா? அந்தக் கூட்டங்களை ஆய்ந்தவர்கள் பெரும்பங்கு காரணமாகக் கண்டவை இரண்டு: குடிக்கும் நண்பர் கூட்டம் மாறி, குடியாத நண்பர் கூட்டம் அமைவது, 'என்னால் மறுக்க முடியும்' என்ற தன்னம்பிக்கை வளர்வது. நோய் முற்றியவர் சிலர்க்கு நம்பிக்கையும் துணை செய்தது என்றும் அவர்கள் கூறுகிறார்கள். அதையும் மறைக்க மாட்டோம். எல்லோரையும் அது மீட்கிறது என்றும் கூற மாட்டோம். வந்து, விட்டு, விழுந்தோரும் பலர்.

நம் மாணவனின் தந்தை, முன்னொரு முறை மலைக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு துளி தொடாமல் இருந்தவர். மாலையைக் கழற்றிய இரவே கடைக்குப் போனார். மாலையின் மகிமை என்றால் கழுத்திலிருந்து இறங்கியதும் ஏன் ஓடிற்று? அந்த 48 நாளும் அவரோடு விடியலிலே குளித்தவர்கள் இருந்தார்கள். அந்தியிலே கூடிப் பாடியவர்கள் இருந்தார்கள். கடை வாசலிலே அவரைக் கண்டால் கை பிடித்து இழுக்கத் தோழர்கள் இருந்தார்கள். மாலை கழன்றதும் கூட்டம் கலைந்தது. கூட்டம் கலைந்ததும் மனம் கலைந்தது. காத்தது கயிறன்று, கூட்டுறவு!

*

அவர் கதையை முடித்துவிடுவோம். விளம்பரம் பார்த்து அவர் மனைவி ஒரு பொடி வாங்கி, அவருக்குத் தெரியாமல் குழம்பிலே கலந்து பார்த்தார். வாந்தியும் மயக்கமுமே கண்ட பலன். தோழர்களே, குடியை வெறுக்கச் செய்யும் மருந்து உண்மையிலேயே உண்டு, 'டைசல்ஃபிரம்' என்பர், 1948-இலே டென்மார்க்கிலே அதன் பயன் அறியப்பட்டது. அந்த இனப் பொருளைக் கையாளும் தொழிலாளர் மது அருந்தினால் நோயுறுவதை அமெரிக்கத் தொழிற்சாலை மருத்துவர் ஒருவர் 1937-இலேயே கண்டு எழுதியிருந்தார். ஆனால் அது மருத்துவர் பார்வையிலே, நோயாளி அறிந்து, இசைந்து உண்ண வேண்டியது. அறியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

பிறகு ஒரு நாள் தாமாகவே அடியோடு நிறுத்தினார். இரண்டாம் நாள் கை நடுங்கிற்று. மூன்றாம் நாள் இல்லாத உருவங்களைக் கண்டு அலறினார். பேயென்று மந்திரிக்கக் கிளம்பினர் உறவினர். பேயன்று; நாட்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் மூளை படும் பாடு அது; உயிரையும் பறிக்கும். மருத்துவமனையிலே சேர்த்தோம். நடுக்கம் அடங்கி வீடு திரும்பும் நாளிலே, செவிலியர் ஒருவர்தாம் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். இடத்தை மறந்துவிட்டோம், அதனாலேதான் ஆம்பூரிலே கேட்டு அலைந்தோம். மறு வாரம் அவரிடமே மீண்டும் கேட்டுக்கொண்டு, ஞாயிறு மாலை, அவரை அழைத்துக்கொண்டு வேலூருக்குப் பேருந்து ஏறினோம். குடியாதவரும் வந்து அமரலாம் என்ற திறந்த கூட்டம் அது.

ஒரு பள்ளியின் வகுப்பறை. பெயர்ப் பலகை இல்லை. மாணவர் பெஞ்சிலே இருபது பேர் இருக்கும். ஓட்டுநர் ஒருவர், ஷூ கம்பெனி மேற்பார்வையாளர் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், சுமை தூக்குபவர் ஒருவர். தொடக்கத்திலே எழுந்து நின்று ஒரு சிறு வேண்டுதல் சொன்னார்கள். நாம் வாய் திறக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தம் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். மகள் திருமணத்தன்று சாக்கடையிலே கிடந்ததை ஒருவர் சொன்னார். மனைவியின் கம்மலை அடகு வைத்ததை இன்னொருவர் சொன்னார். யாரும் 'த்சொ' கொட்டவில்லை. யாரும் புத்தி சொல்லவில்லை. நம்மவர் தலை குனிந்தே இருந்தார். முடிவிலே தேநீர் வந்தது. நீட்டிய குவளையை வாங்கக் கை நடுங்கிற்று அவருக்கு. எதிரே இருந்த வங்கி ஊழியர் தம் இரு கைகளால் அந்தக் குவளையைப் பிடித்துக் குடிக்கச் செய்தார்.

இரட்டைக் குவளை வைத்த நாடு இது. தோல் தொட்டவன் கை தொட்ட குவளையைத் தனியே கவிழ்த்து வைத்த நாடு இது. அந்த வகுப்பறையிலே ஒரே குவளை! 1929-இலே செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தைக் கேள்விப்படாதவர்களாகவும் இருக்கலாம் அந்த இருபது பேரும். ஆயினும் அங்கே பட்டம் இல்லை, பதவி இல்லை, குலம் இல்லை. பெயர் ஒன்றே உண்டு. நாம் மேடையிலே பேசுவதை அவர்கள் பெஞ்சிலே உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

திரும்பும் பேருந்திலே நெடுநேரம் பேசாமல் வந்தவர், பள்ளிகொண்டா தாண்டியதும் சொன்னார்: "சார், அங்க யாரும் என்னைக் கேவலமாப் பார்க்கலையே." அவ்வளவுதான். நம் பத்து உபதேசம் செய்யாததை அந்த ஒரு பார்வை செய்தது.

பொங்கலின்போது ஒரு முறை சறுக்கினார். வெட்கப்பட்டு ஒளிந்தவரை, அந்த வங்கி ஊழியரும் சுமை தூக்குபவரும் வீடு தேடி வந்து அழைத்துப் போனார்கள். இதை எழுதும் இன்று பதினான்கு திங்கள் ஆகிறது. நாளை எப்படி என்று அவரும் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. இன்று குடிக்கவில்லை என்பதே அவர்கள் கணக்கு. திங்கட்கிழமை மகன் பள்ளிக்கு வருகிறான் என்பது நம் கணக்கு.

*

இளைஞர்களே! மன்றம் வைத்திருக்கிறீர்கள், படிப்பகம் வைத்திருக்கிறீர்கள். வாரத்திலே ஒரு மாலை, ஓர் அறை, இருபது நாற்காலி, ஒரு பானைத் தேநீர்: இவ்வளவைத் தர முடியாதா? கூட்டத்தை நடத்துவது மீண்டவர் பொறுப்பு, வெளியார் கொடையை ஏற்க மாட்டார்கள், அறைக்கு ஒரு சிறு வாடகை அவர்களே தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கடவுள் பேச்சு வேண்டாம் என்போர்க்கு அப்பேச்சில்லாத கூட்டமொன்றைக் கூட்டுங்கள், தடுப்பார் யார்? அரசு மருத்துவமனையிலே போதை மீட்புச் சிகிச்சை எந்த நாளிலே நடக்கிறது, அருகிலே கூட்டம் எங்கே கூடுகிறது என்று விசாரித்துப் படிப்பகப் பலகையிலே எழுதுங்கள். போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 என்ற இரண்டு தொலைபேசி எண்களையும் அதன் கீழே எழுதுங்கள்.

சட்டம் போடுவோர் போடட்டும். கடையை மூடச் சொல்லி வாதாடுவோர் வாதாடட்டும். அந்தப் போர் தனி. அதற்கிடையே, இன்றிரவு நடுங்கும் கையோடு ஒருவன் நம் தெருவிலே நிற்கிறான். ஆம்பூர்ப் பேருந்து நிலையத்திலே நின்று, "குடியை விட்டோர் கூடும் இடம் எது?" என்று அவன் கேட்டால், பூ விற்கும் மூதாட்டியும் பள்ளிச் சிறுவனும் கை நீட்டிக் காட்ட வேண்டும். அந்த நாளை உண்டாக்குவது நம் கையிலே இருக்கிறது.